லாரி ஸ்லீப்பர் கேபினுக்கு எந்த ஏசி? டெல்டா நடைக்கான கணக்கு

மன்னார்குடிப் பக்கத்து லாரி உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2019 மாடல் பன்னிரண்டு சக்கர லாரி, ஸ்லீப்பர் கேபின், 24 வோல்ட், கம்பெனி ஏசி கிடையாது. அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குக்கும் ரயில் நிலையத்துக்கும் நெல் நடை; மற்ற மாதங்களில் காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி. டிரைவரும் கிளீனரும் வண்டியிலேயே படுக்கிறார்கள். கூரையில் வைக்கும் 24 வோல்ட் பார்க்கிங் ஏசி (இன்ஜின் நிற்கும்போதும் பேட்டரியில் ஓடுவது), இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டு ஏசி, தண்ணீர் கூலர் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம் என்கிறார்.

வண்டி ஏசியும் மின் வேலையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட் பார்க்கிங் ஏசிதான் சரி. ஆனால் கூரையில் வேண்டாம். இந்த இரண்டையும்விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை: பேட்டரி எங்கே, எப்போது சார்ஜ் ஆகப் போகிறது? நெடுந்தூர லாரி பகல் முழுக்க ஓடி இரவில் நிற்கும். டெல்டா நெல் லாரி அப்படியில்லை. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்னால் அரை நாள் நிற்கும், ஓடி முடித்த பிறகு கிடங்கு வாசலில் இன்னொரு அரை நாள் நிற்கும். வடநாட்டு நடைக்கு விற்கும் ஏசியை அப்படியே வாங்கி மாட்டினால் மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்காது.

முதலில் கூலரைக் கழித்துவிடுவோம். அது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. எவ்வளவு நல்ல கூலராக இருந்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே காற்றை இறக்க அதனால் முடியாது. மே மாதம் நாக்பூரில் காற்று காய்ந்து கிடக்கும். அங்கே கூலர் பத்து டிகிரிக்கு மேல்கூட இறக்கிக் காட்டும். திருவாரூரில் இரவு 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலையே சுமார் 27 டிகிரி. கூலர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாலும் இரண்டு, இரண்டரை டிகிரிதான் குறையும். அதற்கு விலையாகக் கேபினுக்குள் ஈரத்தை நிரப்பிவிடும். மெத்தை நசநசக்கும், வியர்வை காயாது. கூலர் மின்சாரம் குறைவாக எடுக்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். நம் ஊரில் அது வேலையும் குறைவாகத்தான் செய்யும். நமக்கு வேண்டியது ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும் இயந்திரம். அது கம்பிரஸர் உள்ள ஏசி மட்டும்தான்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடும் வழியையும் பார்த்துவிடலாம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட எடைப்பிரிவுகளில் வரும் புதிய சரக்கு வாகனங்களுக்குக் கம்பெனியிலேயே கேபின் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் 2019 வண்டிக்கு அது பொருந்தாது. புது வண்டி வாங்கினாலும் அந்த ஏசி இன்ஜின் ஓடும்போது மட்டுமே குளிரும். பெரிய இன்ஜின் சும்மா ஓடினால் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் டீசல் குடிக்கும். இரண்டு லிட்டர் என்று வைத்தால் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 16 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டாலும் 1,472 ரூபாய். ஓர் இரவுக்கு இவ்வளவு கொடுத்தால் நடையில் என்ன மிஞ்சும்? பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியானால் குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் ஓடும் இன்ஜின் புகை வடிகட்டியில் கரியைச் சேர்த்துவிடும். அந்தச் செலவு தனி. இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதில் உயிராபத்தும் இருக்கிறது. சைலன்ஸர் குழாயில் கசிவும் கேபின் தரையில் ஓட்டையும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

அமெரிக்க லாரிகளில் ஏசிக்கென்றே தனியாக ஒரு சின்ன டீசல் இன்ஜின் வைக்கிறார்கள். விலை, எடை, பராமரிப்பு, பக்கத்து லாரிக்காரரின் திட்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நம் நடைக்கு அது கட்டுப்படியாகாது. ஓடும்போது தண்ணீரைப் பனிக்கட்டியாக உறையவைத்து நிற்கும்போது அந்தக் குளிரைச் செலவழிக்கும் அமைப்பும் ஐரோப்பாவில் வந்தது. அதற்கும் ஓட்டம் வேண்டும். நம்மிடம் இல்லாததே அதுதான்.

இன்வெர்ட்டர் போட்டு வீட்டு ஏசி மாட்டுவது பார்வைக்கு மலிவு. 24 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதே பத்து, பதினைந்து சதவீதம் சூடாக வீணாகிவிடும். வீட்டு ஏசியின் செம்புக் குழாய்களும் பிரேஸிங் இணைப்புகளும் சுவரில் அசையாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரை கிராமத்து ரோட்டில் போய் வந்தால் எந்த இணைப்பில் கேஸ் கசிகிறது என்று தேடுவதே வேலையாகிவிடும். வண்டி எப்போதும் ஷெட்டில் நின்று, 230 வோல்ட் பிளக் கையெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆக, 24 வோல்ட் நேர்மின் கம்பிரஸர் உள்ள பார்க்கிங் ஏசி. இதை விற்பவர்கள் பி.டி.யூ. (குளிர்விக்கும் திறனின் அலகு) எண்ணிக்கையை அள்ளி விடுகிறார்கள். அதைச் சோதிக்க ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாதிரி ஏசி உள்ளே இழுக்கும் மின்சாரத்தைப் போல இரண்டரை மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு வெப்பத்தை வெளியேற்றும். 24 வோல்ட்டையும் மூன்று மடங்கையும் வாட்டிலிருந்து பி.டி.யூ.வுக்கு மாற்றும் 3.4-ஐயும் பெருக்கினால் ஏறக்குறைய 250 வரும். எனவே ஏசி எடுக்கும் ஆம்பியரை 250-ஆல் பெருக்குங்கள். 35 ஆம்பியர் எடுக்கும் ஏசி சுமார் 8,700 பி.டி.யூ. தரலாம், அதுவும் உச்சவரம்பு. '20 ஆம்பியர்தான் எடுக்கும், 12,000 பி.டி.யூ. குளிர் தரும்' என்று அட்டையில் போட்டிருந்தால் அந்த இரண்டில் ஒன்று பொய். 20 ஆம்பியருக்கு 5,000 பி.டி.யூ.வைத் தாண்டாது.

உங்கள் கேபினுக்கு எவ்வளவு தேவை? முழுச் சுமையில் 30 முதல் 35 ஆம்பியர் எடுக்கும் ஏசி போதும். அக்னி நட்சத்திரப் பகலில் நிலக்கரி வரிசையில் நிற்கும்போது அது முழு வேகத்தில் ஓடும். இரவில் 26 டிகிரியில் வைத்தால் கேபின் குளிர்ந்த பிறகு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, நம் ஊர் ஈரத்துக்கு, சராசரியாக 20 ஆம்பியர் என்று கணக்கு வைக்கலாம். சுமைக்கு ஏற்ப வேகம் மாறும் கம்பிரஸராக இருக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கும் வகை பேட்டரியைத் தின்றுவிடும். அது நின்றிருக்கும் நேரத்தில் ஈரமும் கேபினுக்குள் திரும்பிவிடும்.

இனி பேட்டரி. வண்டியில் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு தொடராக இருக்கும். எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவுதான் ஆம்பியர் மணி. தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும். கொள்ளளவு அதே 150. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே கையில் இருப்பது 75 ஆம்பியர் மணி. அது மணிக்கு 20 வீதம் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. அதிலும் காலையில் செல்ஃப் அடிக்க மிச்சம் வைக்க வேண்டும். இந்த இரண்டு பேட்டரிகளை ஏசி தொடவே கூடாது என்பது என் கட்சி. 'இருபத்து மூன்று வோல்ட்டில் தானாக நின்றுவிடும்' என்பார்கள். பழைய பேட்டரி அந்த அளவில் செல்ஃபைச் சுற்றாது.

ஏசிக்கென்று தனியாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 25.6 வோல்ட், 200 ஆம்பியர் மணி வாங்குங்கள். அதில் 80 சதவீதம் எடுத்தால் 160; மணிக்கு 20 வீதம் எட்டு மணி நேரம். ஓர் இரவுத் தூக்கம் கணக்குத் தப்பாமல் அடங்கிவிடுகிறது. விலை அதிகம்தான். பேட்டரியைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், ஏசிக்கு மட்டும் தாராளமாகப் பணம் எடுத்து வைப்பார்கள். எனக்குக் கொடுத்தால் நான் ஏசியில் ஒரு படி இறங்கி பேட்டரியில் ஒரு படி ஏறுவேன்.

அந்த 160 ஆம்பியர் மணியைத் திரும்ப நிரப்புவதில்தான் டெல்டா நடை உதைக்கிறது. லித்தியம் பேட்டரியை டைனமோவோடு நேராக இணைக்கக் கூடாது. அது கொடுக்கக் கொடுக்க இழுத்துக்கொள்ளும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவின் விசிறிக் காற்றும் குறைவு, அதனால் அதன் கம்பிச் சுருள் கருகிவிடும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். அது 40 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேர ஓட்டத்தில் 40 ஆம்பியர் மணி ஏறும், அதாவது இரவில் இரண்டு மணி நேர ஏசி. மன்னார்குடிப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு ஒரு நடை போய் வந்தால் எவ்வளவு நேரம் இன்ஜின் ஓடுகிறது என்று டிரைவரைக் கேளுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும் நேரத்தை அவர் ஓட்டக் கணக்கில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் நான்கு மணி நேரக் குளிர்ச்சிதான் திரும்பக் கிடைக்கும். செலவு எட்டு, வரவு நான்கு. இரண்டாம் இரவே கை கடிக்கும்.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பெனி ஏசி இல்லாததால் டிரைவர் ஓட்டும்போதும் இதையே போடுவார். போடாதே என்று யாராலும் சொல்ல முடியாது. டைனமோ 80 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் ஏசிக்கு 35, வண்டியின் மற்ற தேவைகளுக்கும் விளக்குகளுக்கும் சேர்த்து 20 போனால் பேட்டரிக்கு மிஞ்சுவது 25. முன்னே சொன்ன 40 அங்கேயே அடிபட்டுவிடும். கையில் பணம் இருந்தால் ஓட்டத்துக்கு இன்ஜினால் இயங்கும் ஏசி கிட் ஒன்றைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

ஆனால் டெல்டா லாரிக்கு ஒரு வசதி உண்டு. வடநாட்டு நடை வண்டி மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராது. உங்கள் வண்டி இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது ஷெட்டுக்கு வரும். ஷெட்டில் 25 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் ஒன்றை மாட்டி, கேபின் படிக்கட்டுப் பக்கம் மழை படாத பிளக் வைத்துவிடுங்கள். ஆறரை மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். செலவு ஏறக்குறைய ஐந்து யூனிட் மின்சாரம். மேலே 16 லிட்டர் டீசலுக்குப் போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஷெட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழையில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பிளக்கைச் சொருகப் போவது கிளீனர்ப் பையன்தான். கேபின் கூரையில் சோலார் வைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அந்த இடத்தில் பிடிக்கும் பேனல் மின்விசிறிக்கும் போன் சார்ஜுக்கும் ஆகும். ஏசிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கூரை வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் உண்டு. கிராமத்து ரோட்டில் புளியமரக் கிளையும் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் இல்லாத கொள்முதல் நிலையம் ஏது? நெடுஞ்சாலை வண்டிக்குக் கூரை ஏசி பொருந்தும். வாய்க்கால் கரையில் திரும்பும் வண்டிக்குப் பொருந்தாது. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டிய கேபின் என்றால் கூரைத் தகட்டின் கீழே எங்கே சட்டம் ஓடுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். இருபது, இருபத்தைந்து கிலோ இயந்திரத்தைச் சட்டமில்லாத இடத்தில் வைத்தால் தகடு தளர்ந்து, மழைக்காலத்தில் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகும். எனவே ஸ்பிளிட் வகை வாங்குங்கள்: குளிரூட்டும் பகுதி படுக்கைக்கு மேலே உட்சுவரில், வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்ஸர் கேபினின் முதுகில். அதிலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கேபினின் முதுகுக்கும் பாடியின் முன்பலகைக்கும் இடையே சூடான காற்று வெளியேற இடம் வேண்டும். டிரைவர்கள் அந்தச் சந்தில்தான் தார்ப்பாயையும் கயிற்றையும் திணிப்பார்கள். கேபினைச் சாய்த்து வேலை பார்க்கும் வண்டியானால் கண்டன்ஸரையும் கேபினோடு சேர்ந்தே சாயும்படி பொருத்த வேண்டும். சேஸியில் பொருத்தினால் முதல் முறை சாய்க்கும்போதே குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

கண்டன்ஸரை நெருங்கிப் பார்த்தால் டெல்டாவின் குணம் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும். ஏசியின் விசிறி அந்தக் காற்றைத்தான் உறிஞ்சும். பதர் பெரிதாக இருப்பதால் மேலேயே தங்கிவிடும், தட்டினால் உதிரும். நெல்லின் மெல்லிய தூசியான சுணை அப்படியல்ல. அலுமினியத் தகடுகளின் இடுக்கில் போய்ப் படிந்து, இரவுப் பனி ஈரத்தில் ஊறி, காலை வெயிலில் காய்ந்து, கம்பளிப் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெப்பம் வெளியேற முடியாமல் கேஸ் அழுத்தம் ஏறும், 20 ஆம்பியர் எடுத்த ஏசி 28 எடுக்கும், பிறகு அழுத்தக் காப்பு வேலை செய்து ஏசி நின்றுவிடும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று பட்டறையில் கேஸ் அடித்து அனுப்புவார்கள். அழுத்தம் இன்னும் ஏறும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கண்டன்ஸர் முன்னால் கழற்றி மாட்டும் நைலான் வலை ஒன்று, அறுவடைக் காலத்தில் நாள்தோறும் அதைத் தட்டுவது, வாரம் ஒரு முறை உள்ளிருந்து வெளியே பார்த்துக் காற்றடிப்பது. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும்.

நிலக்கரித் தூளுக்கும் இதே வைத்தியம். கடற்கரைக் காற்று வேறு கதை. காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் அடிக்கடி போகும் வண்டிக்கும், வேதாரண்யத்தில் உப்பு ஏற்றும் வண்டிக்கும் வெறும் அலுமினியத் தகடு சீக்கிரம் பொடிந்துவிடும். அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ள கண்டன்ஸரைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள்.

ஈரத்தைப் பிழியும் ஏசி அந்தத் தண்ணீரை எங்கேயாவது விட்டாக வேண்டும். ஓர் இரவில் சில லிட்டர் வரும். வடிகுழாய் நல்ல சரிவில் இறங்கி, பேட்டரிப் பெட்டியையும் ஒயரிங்கையும் தாண்டி வெளியே விழ வேண்டும். அதன் வாயில் சிறு வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டி அடைத்துவிடும், தண்ணீர் மெத்தைக்கு வரும்.

ஒயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். 35 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும் கம்பி இது. 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் குறைந்து வேண்டாம். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஏசியின் பக்கத்தில் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது அது ஒன்றும் செய்யாது. இன்னொன்றையும் எலெக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 12 வோல்ட் மின்விசிறிக்கோ பாட்டுப் பெட்டிக்கோ இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுப்பது நம் பக்கம் வழக்கம். அந்த ஒன்று குறைவாகவும் மற்றது அதிகமாகவும் சார்ஜ் ஆகி இரண்டும் சேர்ந்து போய்விடும். சின்ன கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு 24-இலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏசிக்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று உண்டு; கடைக்காரர் சொல்லமாட்டார். கூரைக்கும் முதுகுச் சுவருக்கும் உள்பக்கம் மூடிய நுண்ணறை ஃபோம் ஷீட் ஒட்டுங்கள். முன்கண்ணாடிக்கு வெள்ளி நிறத் திரை போடுங்கள். கதவு ரப்பரையும் கியர் கம்பியைச் சுற்றிய உறையையும் மாற்றுங்கள். சீட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே கனமான திரை தொங்கவிட்டால் கேபின் முழுவதையும் குளிர்விக்காமல் படுக்கையை மட்டும் குளிர்விக்கலாம். இரவுக் கணக்கில் 20 ஆம்பியர் என்று நான் போட்டது இவற்றையெல்லாம் செய்த கேபினுக்கு. வெறும் தகரக் கேபின் என்றால் 30 என்று போட்டுக்கொள்ளுங்கள், தூக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் ஏசி உள்காற்றையே சுற்றவிடும். இரண்டு பேர் தூங்கினால் ஒரு கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி, அந்த இடைவெளியில் கொசுவலைத் துணியைச் சொருகிவிடச் சொல்லுங்கள். ஏசி ஓடும்போது கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைக்கவே கூடாது. கண்ணாடி மூடியிருந்தால் பின்னால் தார்ப்பாயை அவிழ்ப்பவன் சத்தம் கேட்காது என்று சில டிரைவர்கள் ஏசியையே வேண்டாம் என்பார்கள். நெல் ஏற்றிய வண்டிக்கு அது நியாயமான பயம்தான். பின்னால் ஒரு அசைவு உணரும் விளக்கு போட்டுக்கொடுங்கள்.

வாங்கும் அன்று கடையில் குளிர்க்காற்றில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு வண்டியை வெயிலில் நிறுத்தி, கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளப்பது) மாட்டி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை 250-ஆல் பெருக்கி, அட்டையில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். பொருத்தும் பில்லை வாங்கிப் பத்திரப்படுத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மின்கசிவுத் தீ விபத்து என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேபின் சுவரில் துளை போடுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போது வாக்குவாதம் இருக்காது. குறுவை அறுவடை புரட்டாசியில் சூடுபிடிக்கும், அப்போது வண்டியைப் பட்டறையில் விட உங்களுக்கு மனம் வராது. ஆவணியிலேயே வேலையை முடித்து, ஒரு வாரம் நிலக்கரி நடையில் ஓட்டிப் பாருங்கள். சரிசெய்ய வேண்டியது என்ன என்று அதற்குள் தெரிந்துவிடும்.